மக்களைத் தேடி வந்த மேடை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நாடகக் குழு சமூகப் பணியும் கல்விப் பணியும் செய்கிறது என்று சொன்னால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது என்ன? மாணவர்களுக்கு நுழைவுச்சீட்டில் கழிவு, முதியோர் இல்லத்தில் ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சி, பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் நடிப்புப் பயிலரங்கு. இவை எல்லாம் நல்ல காரியங்கள்தாம். ஆனாலும் இவற்றை நாம் நாடகத்தின் உபரி வேலையாகவே பார்க்கிறோம். முதலில் நாடகம், நேரமும் பணமும் மிஞ்சினால் சமூகப் பணி. இதுதான் பொதுவான எண்ணம்.

அமெரிக்காவில் வாழும் கறுப்பின மக்களின் நாடக வரலாற்றைப் படித்தால் இந்த வரிசை தலைகீழாக இருப்பதைக் காணலாம். அங்கே பல குழுக்களில் சமூகப் பணி முதலில் வந்தது. நாடகம் அதிலிருந்து பிறந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விளையாட வந்த ஒரு வீட்டிலிருந்து ஒரு குழு பிறந்தது. பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்தவர்களிடமிருந்து இன்னொரு குழு பிறந்தது. ஒரு சமூக மன்றத்துக் கூடத்திலிருந்து மற்றொன்று பிறந்தது. இந்த மூன்றைப் பற்றியும், அவை கற்றுக்கொண்ட ஒரு பாடத்தைப் பற்றியும் இன்று பேசலாம் என்று நினைக்கிறேன்.

நான்காவது விதி

1926ஆம் ஆண்டில் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் என்ற அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடியவர்களில் மிக முக்கியமானவர் அவர். 'தி கிரைசிஸ்' என்ற மாத இதழின் ஆசிரியராகவும் இருந்தார். நியூயார்க் நகரின் ஹார்லம் வட்டாரத்தில், 135ஆம் தெருவில் இருந்த பொது நூலகத்தின் கீழ்த்தளத்தில், கிரிக்வா என்ற சிறிய நாடகக் குழு ஒன்றை அவர் அப்போது தொடங்கியிருந்தார். கறுப்பின மக்களின் நாடகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கட்டுரையில் நான்கு விதிகளை வகுத்தார். கதை நம்மைப் பற்றியதாக இருக்க வேண்டும். எழுதுபவர் நம்மவராக இருக்க வேண்டும். நம் மக்களுக்காக அது நடிக்கப்பட வேண்டும். நான்காவதாக, நம் மக்கள் வாழும் இடத்துக்கு அருகில் அரங்கு இருக்க வேண்டும்.

முதல் மூன்று விதிகளின் தேவை எளிதில் புரியும். வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரைக் கோமாளிகளாகக் காட்டிய நிகழ்ச்சிகள் அந்த நாட்டில் பல பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்தன. அந்தப் பொய்ச் சித்திரத்தை மாற்ற வேண்டுமென்றால் கதையும் எழுத்தும் தங்கள் கைக்கு வர வேண்டும் என்று டு போய்ஸ் நினைத்தார்.

சரி, நான்காவது விதி எதற்கு? நல்ல நாடகம் என்றால் மக்கள் தூரம் பார்க்காமல் வரமாட்டார்களா? இங்கேதான் அன்றைய அமெரிக்காவின் நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். பல நகர அரங்குகளில் கறுப்பினத்தவரை உள்ளே விடமாட்டார்கள். விட்டாலும் மாடியின் கடைசி வரிசைகளில்தான் உட்கார வேண்டும். தலைநகர் வாஷிங்டனில் இருந்த நேஷனல் தியேட்டர் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கறுப்பின ரசிகர்களை அனுமதிக்காத அரங்கில் நடிக்கமாட்டோம் என்று நடிகர் சங்கம் சொல்லிவிட்டது. அந்த அரங்கு 1948இல் நாடகத்தையே கைவிட்டுத் திரைப்படக் கொட்டகையாக மாறியதே தவிர, எல்லாருக்கும் கதவைத் திறக்கவில்லை. 1952இல்தான் அங்கே மறுபடியும் நாடகம் வந்தது.

இப்படிப்பட்ட ஊரில் "அருகில்" என்ற சொல்லுக்கு ஆழமான பொருள் உண்டு. நடந்து போகக்கூடிய தூரம் என்பது ஒன்று. தலை நிமிர்ந்து உள்ளே போகலாம் என்பது இன்னொன்று. பின்னால் வந்த குழுக்கள் இந்த ஒரு சொல்லுக்கு மேலும் பல பொருள்களைக் கண்டுபிடித்தன.

கிளீவ்லாந்தில் ஒரு வீடு

ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் 1910ஆம் ஆண்டு கறுப்பின மக்கள் சுமார் 8,400 பேர்தான் இருந்தார்கள். 1920இல் அந்த எண்ணிக்கை 34,000ஐத் தாண்டியது. 1930இல் ஏறத்தாழ 72,000. தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளையும் அங்கிருந்த கொடுமைகளையும் விட்டுத் தொழிற்சாலை வேலை தேடி வடக்கே வந்தவர்கள் இவர்கள். கிளீவ்லாந்து போன்ற பல வடக்கு நகரங்கள் இப்படித்தான் நிரம்பின.

அந்த நேரத்தில், 1915ஆம் ஆண்டு, ரஸல் ஜெலிஃப், ரொவினா ஜெலிஃப் என்ற இளம் வெள்ளைக்காரத் தம்பதியர் அந்த நகரின் ஏழை வட்டாரம் ஒன்றில் குடியேறினார்கள். இருவரும் ஓபர்லின் கல்லூரியில் படித்தவர்கள். ஒரு தேவாலயத்தின் ஆதரவோடு, அக்கம்பக்கத்து மக்களுக்கான ஒரு சேவை இல்லத்தை நடத்துவது அவர்கள் வேலை. அங்கே பிள்ளைகள் விளையாடினார்கள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சில ஆண்டுகளில் பிள்ளைகளை வைத்துச் சிறு நாடகங்களும் போட்டார்கள். எல்லா இனப் பிள்ளைகளும் ஒரே மேடையில் நின்றது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமல்ல.

1920இல் பெரியவர்களின் நாடகக் குழு உருவானது. 1922இல் சார்ல்ஸ் கில்பின் என்ற புகழ்பெற்ற கறுப்பின நடிகர் கிளீவ்லாந்துக்கு வந்தபோது இந்தக் குழுவைப் பார்த்து ஊக்கப்படுத்தினார். அந்த மகிழ்ச்சியில் குழுவினர் தங்களுக்குக் 'கில்பின் பிளேயர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்கள். பின்னர் இந்த இல்லத்துக்கே 'கராமு' என்ற சுவாஹிலிப் பெயர் வந்தது. மகிழ்ச்சியோடு ஒன்றுகூடும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

கராமுவுக்கு வந்துபோன பள்ளி மாணவர்களில் ஒருவர் லாங்ஸ்டன் ஹியூஸ். பிற்காலத்தில் அமெரிக்காவின் பெரும் கவிஞர்களில் ஒருவரானவர். அவர் கிளீவ்லாந்தில் உயர்நிலைப் பள்ளியில் படித்து 1920இல் தேறினார். 1930களில் அவர் எழுதிய நாடகங்கள் பலவற்றை முதன்முதலில் மேடையேற்றியவர்கள் இந்தக் கில்பின் பிளேயர்ஸ்தாம். 1936ஆம் ஆண்டு மட்டும் அவருடைய மூன்று நாடகங்கள் அங்கே அரங்கேறின. ஒரு வட்டாரத்துப் பிள்ளைக்குத் திறந்த கதவு, பின்னர் ஒரு நாடகாசிரியருக்கும் திறந்த கதவாக இருந்தது.

1939இல் கராமுவின் நாடகக் கட்டடம் தீக்கிரையானது. குழு கலைந்துவிடவில்லை. நிதி திரட்டி, 1940களின் இறுதியில் புதிய அரங்கு கட்டினார்கள். நாடகத்தோடு நடனம், ஓவியம், அச்சுக்கலை, குழந்தைகளுக்கான வகுப்புகள் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன. இன்று அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பின அரங்கு என்று கராமுவைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள்

கிளீவ்லாந்தில் நாடகம் ஒரு வீட்டில் இருந்தது. மக்கள் அதைத் தேடி வந்தார்கள். மக்களால் வர முடியாத இடத்தில் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் தெற்கே, மிசிசிப்பி மாநிலத்துக்குப் போக வேண்டும். ஆண்டு 1963.

அந்த மாநிலத்தில் கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிந்துகொள்வது எவ்வளவு கடினம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் செய்பவர் மாநில அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியை எழுதிக் காட்டி, அதற்குப் பொருளும் விளக்க வேண்டும். விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்பவர் அங்கிருக்கும் வெள்ளைக்கார அதிகாரி. அத்தோடு, விண்ணப்பித்தவரின் பெயர் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிடப்படும். அடுத்த நாளே முதலாளிக்குத் தெரிந்துவிடும். வேலை போகும், குடியிருக்கும் வீடு போகும், சில வேளைகளில் உயிரும் போகும். 1960களின் தொடக்கத்தில் அந்த மாநிலத்தில் வாக்களிக்கத் தகுதி பெற்ற வயதுடைய கறுப்பினத்தவரில் 7 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே பதிவு செய்திருந்தார்கள்.

ஆகவே அங்கே எழுதப் படிக்கத் தெரிவது என்பது அரசியல் உரிமையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். டுகலூ கல்லூரியை மையமாகக் கொண்டு முதியோர் எழுத்தறிவுத் திட்டம் ஒன்று நடந்தது. அதில் வேலை செய்ய வந்த இளைஞர்களில் டோரிஸ் டெர்பியும் ஜான் ஓ'நீலும் இருந்தார்கள். இருவரும் மாணவர்களின் உரிமைப் போராட்ட அமைப்பைச் சேர்ந்தவர்கள். கில்பர்ட் மோசஸ் என்ற இளைஞரும் அவர்களோடு சேர்ந்தார். அவர் கிளீவ்லாந்துக்காரர், சிறு வயதில் கராமு மேடையில் நடித்தவர். மூவரும் கூடிப் பேசி 1963இல் 'ஃப்ரீ சதர்ன் தியேட்டர்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். தென்னகத்தின் சுதந்திர நாடகக் குழு என்று சொல்லலாம். பெயரில் உள்ள 'ஃப்ரீ' என்ற சொல்லுக்குச் சுதந்திரம் என்றும் பொருள், இலவசம் என்றும் பொருள். அவர்கள் இரண்டையும் மனத்தில் வைத்திருந்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

1964ஆம் ஆண்டின் கோடையில் நூற்றுக்கணக்கான தொண்டூழியர்கள் வாக்காளர் பதிவுக்காக மிசிசிப்பிக்கு வந்தார்கள். 'விடுதலைப் பள்ளிகள்' என்ற பெயரில் ஏறத்தாழ 40 பள்ளிகள் நடந்தன. 2,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்தார்கள். அரசுப் பள்ளிகளில் கற்பிக்கப்படாத தங்கள் வரலாற்றை அங்கே கற்றார்கள். அதே கோடையில் 30க்கும் மேற்பட்ட தேவாலயங்கள் கொளுத்தப்பட்டன. ஜூன் மாதம் 21ஆம் நாள் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். இப்படிப்பட்ட நேரத்தில்தான் இந்தக் குழு சுற்றுப்பயணம் புறப்பட்டது.

அவர்கள் கொண்டுபோன நாடகம் மார்ட்டின் டூபர்மன் எழுதிய 'இன் வைட் அமெரிக்கா'. அடிமைக் காலம் முதல் நடந்தவற்றை, உண்மையான கடிதங்களையும் உரைகளையும் ஆவணங்களையும் கொண்டு தொகுத்த நாடகம் அது. விடுதலைப் பள்ளியில் பாடமாகப் படித்த வரலாற்றை மாணவர்கள் மேடையில் கண்ணால் பார்த்தார்கள். அவர்களோடு பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் வாழ்க்கையில் பார்த்த முதல் நாடகமே இதுதான். தேவாலயங்களிலும், சமூகக் கூடங்களிலும், திறந்த வெளியிலும் நடித்தார்கள். கல்வித் திட்டமும் நாடகமும் இங்கே ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

"இவர்களுக்குப் புரியுமா?"

அடுத்ததாக அவர்கள் எடுத்த நாடகம் பலரைத் திகைக்க வைத்தது. சாமுவேல் பெக்கட் எழுதிய 'வெயிட்டிங் ஃபார் கோடோ'. இரண்டு பேர் ஒரு மரத்தடியில் கோடோ என்பவருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் வருவதே இல்லை. படித்தவர்களே தலையைச் சொறியும் நாடகம் இது. பருத்திக் காட்டில் வேலை செய்யும் கிராமத்து மக்களுக்கு இது எப்படிப் புரியும் என்ற கேள்வி எழுந்தது. இதே சுற்றில் ஓஸி டேவிஸ் எழுதிய நகைச்சுவை நாடகமான 'பர்லி விக்டோரியஸ்' என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ரூல்வில் என்ற ஊரில் கோடோ நாடகம் நடந்தபோது ஃபேனி லூ ஹேமர் பார்வையாளர்களில் ஒருவராக இருந்தார். இவர் யார் என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். இருபது பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் கடைசிப் பிள்ளை. சிறு வயது முதல் பருத்தி பறித்தவர். 1962இல் வாக்காளராகப் பதிய முயன்ற அன்றே தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1963இல் வினோனா என்ற ஊரின் சிறையில் கடுமையாக அடிக்கப்பட்டார். பிறகு உரிமைப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவராக உயர்ந்தார்.

அந்த அம்மையார் நாடகத்தின் இடைவேளையில் எழுந்து, எல்லாரும் கவனமாகப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். காத்திருந்து காத்திருந்துதான் நம் மக்கள் இந்த நிலைக்கு வந்தார்கள் என்ற பொருளில் பேசினார். பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதிய விளக்கங்களைவிட இது நேராக இருந்தது. காத்திருப்பு என்றால் என்ன என்பது அந்தக் கூட்டத்துக்குத் தெரியாதா என்ன?

இதில் நாடகக்காரர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. எளிய மக்களிடம் போகும்போது எளிமையான சரக்கைத்தான் கொண்டுபோக வேண்டும் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அது இரக்கம் போலத் தோன்றினாலும் அதற்குள் ஓர் இளக்காரம் ஒளிந்திருக்கிறது. எல்லாப் பார்வையாளரும் கோடோவை ரசித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தங்கள் வாழ்க்கையைச் சொல்லும் நாடகங்கள் வேண்டும் என்ற கருத்து அந்தக் குழுவுக்குள்ளேயே வலுத்து வந்தது. ஆனால் நடித்துப் பார்த்து, மக்களின் பதிலைக் கேட்ட பிறகு ஏற்பட்ட கருத்து அது.

விவாதத்திலிருந்து கதைக்கு

குழு தன் இருப்பிடத்தை லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு மாற்றிக்கொண்டது. அங்கே டாம் டென்ட் என்ற எழுத்தாளர் முன்னின்று, வட்டாரத்து இளைஞர்களுக்கான எழுத்துப் பட்டறையை வளர்த்தார். 'பிளாக்கார்ட்சவுத்' என்ற பெயரில் அந்த இளைஞர்கள் தாங்களே எழுதி, தாங்களே நடித்தார்கள். வெளியூர் எழுத்தாளரின் நாடகத்தைப் பார்த்தவர்கள் சில ஆண்டுகளில் எழுதுபவர்களாக மாறினார்கள். டு போய்ஸின் இரண்டாவது விதி நான்காவது விதியின் வழியாக நிறைவேறியது என்று சொல்லலாம்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. என் கருத்தில் இதுதான் மிக முக்கியமானது. ஒவ்வொரு நாடகம் முடிந்த பிறகும் பார்வையாளர்களோடு கலந்துரையாடல் நடத்துவது இவர்கள் வழக்கம். போகப் போக ஜான் ஓ'நீல் ஒன்றைக் கவனித்தார். கலந்துரையாடல் என்றால் பேசத் தெரிந்த சிலர்தான் பேசுகிறார்கள். படித்தவரும், வாதாடும் பழக்கம் உள்ளவரும் கூட்டத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் "இந்த நாடகம் உங்களுக்கு எதை நினைவூட்டியது? அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரு கதை இருக்கிறது. என் கருத்து தவறு என்று யாரும் வாதாடலாம். என் பாட்டிக்கு நடந்தது நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இப்படி உருவானதுதான் 'கதை வட்டம்' என்ற முறை. எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு நேரம். ஒருவர் கதை சொல்லும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. மறுப்புச் சொல்லக் கூடாது. தன் முறை வந்தபோது கதை இல்லை என்றால் விட்டுவிடலாம், பிறகு சொல்லலாம். பேசுவதைவிடக் கேட்பதுதான் இங்கே பெரிய வேலை. கரும்பலகையும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம், நாற்காலிகள் போதும். இன்று அமெரிக்காவில் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சமூக அமைப்புகளிலும் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

ஃப்ரீ சதர்ன் தியேட்டர் 1980இல் முடிவுக்கு வந்தது. அதன் பணியைத் தொடர ஓ'நீல் 'ஜூன்பக் புரொடக்ஷன்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். கென்டக்கி மாநிலத்தின் மலைப்பகுதியைச் சேர்ந்த 'ரோட்சைட் தியேட்டர்' என்ற வெள்ளைக்கார நாடகக் குழுவோடு இவர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள். அதுவும் ஏழைத் தொழிலாளர் வாழும் வட்டாரத்துக் குழு. இருவரும் சேர்ந்து உருவாக்கிய நாடகம் 1990களில் பல ஊர்களில் நடந்தது. அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். எந்த ஊர் அழைத்தாலும் அந்த ஊரின் பல்வேறு சமூகத்தவரையும் சேர்த்து ஒரு பாடகர் குழுவை அமைத்துத் தர வேண்டும். ஒரே ஊரில் இருந்தும் ஒருவரோடொருவர் பேசாதவர்கள், பாட்டு ஒத்திகைக்காவது ஒரே அறையில் கூட வேண்டியிருந்தது.

நெடுஞ்சாலை பிளந்த வட்டாரம்

மூன்றாவது குழுவைப் பார்க்க வடக்கே மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகருக்குச் செல்வோம். அங்கே ரோண்டோ என்ற கறுப்பின வட்டாரம் இருந்தது. கடைகள், தேவாலயங்கள், சங்கங்கள் என்று உயிரோட்டமான இடம். 1950களிலும் 1960களிலும் 94ஆம் எண் நெடுஞ்சாலையை அந்த வட்டாரத்தின் நடுவே போட்டார்கள். 600க்கும் மேற்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் வீட்டை இழந்தன.

அந்த வட்டாரத்து மக்களுக்கு மிஞ்சிய பொது இடங்களில் ஒன்று ஹாலி கியூ. பிரௌன் சமூக மன்றம். அங்கே 1976இல் லூ பெல்லமி 'பெனம்பிரா' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அரங்கில் 300க்கும் குறைவான இருக்கைகளே உண்டு. ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் குழந்தைப் பராமரிப்பு, முதியோருக்கான சேவை. மறுபக்கம் தொழில்முறை நாடகம். லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதிய 'பிளாக் நேட்டிவிட்டி' என்ற கிறிஸ்துமஸ் நாடகம் பல ஆண்டுகளாக இவர்களுடைய ஆண்டிறுதி நிகழ்ச்சியாக நடந்தது. பதின்ம வயதினருக்குக் கோடைகாலப் பயிற்சி, நாடகத்தை ஒட்டிய கலந்துரையாடல், இனப் பாகுபாடு பற்றிய பயிலரங்குகள் என்று பணிகள் விரிந்தன. 2020ஆம் ஆண்டு ஜார்ஜ் ஃபிளாய்ட் பக்கத்து நகரமான மினியாப்பொலிஸில் கொல்லப்பட்ட பிறகு, நாடகத்தோடு இன நல்லிணக்கத்துக்கும் மனநலத்துக்குமான மையமாகத் தன்னை மாற்றிக்கொள்ளப்போவதாகப் பெனம்பிரா அறிவித்தது.

பெனம்பிராவோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் ஆகஸ்ட் வில்சன். 1945இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். நெப்போலியனைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை அவரே எழுதியிருக்க முடியாது என்று ஆசிரியர் குற்றஞ்சாட்டியதால், பதினைந்து வயதில் பள்ளியை விட்டு வெளியேறினார். பிறகு அவருக்குப் பள்ளி எல்லாம் கார்னகி பொது நூலகம்தான். 1978இல் செயின்ட் பால் நகருக்கு வந்தார். அறிவியல் அரும்பொருளகத்தில் கல்வி நாடகங்கள் எழுதித் தரும் வேலை பார்த்தார். 1981இல் பெனம்பிரா அவருடைய நாடகம் ஒன்றை மேடையேற்றியது. தொழில்முறைக் குழு ஒன்று அவருடைய நாடகத்தை நடத்தியது அதுவே முதல் முறை. பிற்காலத்தில் இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாகப் பத்து நாடகங்கள் எழுதினார். 1987இலும் 1990இலும் புலிட்சர் பரிசு பெற்றார். அந்தக் கார்னகி நூலகமே பின்னாளில் அவருக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வழங்கிச் சிறப்பித்தது.

மேடையில் ஒரு மாணவர்

வில்சன் 2005இல் காலமானார். 2007இல் அட்லாண்டா நகரில், கென்னி லியோன் நடத்திய 'ட்ரூ கலர்ஸ்' நாடகக் குழு, அவர் நினைவாக உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு போட்டியைத் தொடங்கியது. அந்தப் பத்து நாடகங்களில் ஏதாவது ஒரு பாத்திரத்தின் தனிப்பேச்சை எடுத்து, சில நிமிடங்களுக்குள் நடித்துக்காட்ட வேண்டும். பின்னர் பல நகரங்கள் இதில் சேர்ந்தன. 2009 முதல் இறுதிச் சுற்று நியூயார்க்கில், பிராட்வேயில் வில்சனின் பெயரைத் தாங்கிய அரங்கிலேயே நடைபெற்றது.

சில நிமிடப் பேச்சு என்றால் மனப்பாடம் செய்து ஒப்பிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு குப்பை வண்டித் தொழிலாளியோ, சிறையிலிருந்து வந்தவரோ, குடும்பச் சொத்தை விற்க மறுக்கும் பெண்ணோ பேசுவதை நடிக்க வேண்டுமென்றால், அந்த மனிதர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்று மாணவர் கேட்க வேண்டும். நாடகம் முழுவதையும் படிக்க வேண்டும். 1950களில் ஒரு கறுப்பினத் தந்தைக்கு என்ன வேலை கிடைக்கும், வீடு எப்படி வாங்குவார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இலக்கியமும் வரலாறும் ஒன்றாக உள்ளே இறங்குகின்றன. பள்ளி நம்ப மறுத்த ஒரு பையனின் எழுத்து, இப்படிப் பள்ளிப் பிள்ளைகளின் வாயில் பாடமாக வந்து சேர்ந்தது.

பணத்துக்கு என்ன வழி?

இத்தனை நல்ல பணிகள் நடந்தனவே, இந்தக் குழுக்கள் செழித்திருக்க வேண்டுமே என்று நேயர்கள் கேட்கலாம். உண்மை அப்படி இல்லை. இலவசமாக நடித்த ஃப்ரீ சதர்ன் தியேட்டர் நன்கொடைகளை நம்பியே வாழ்ந்தது. உரிமைப் போராட்டம் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தை விட்டு நகர்ந்தபோது நன்கொடையும் குறைந்தது. 1996இல் ஆகஸ்ட் வில்சன் பிரின்ஸ்டனில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், நாட்டின் முக்கிய வட்டார அரங்குகளின் கூட்டமைப்பில் இருந்த 66 அரங்குகளில் ஒன்றே ஒன்றுதான் கறுப்பின அரங்கு என்பதைச் சுட்டிக்காட்டினார். அந்த ஒன்று நியூ ஜெர்சியின் 'கிராஸ்ரோட்ஸ்'. அது 1999இல் டோனி விருது பெற்றது. மறு ஆண்டே கடன் சுமையால் நாடகங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னர்தான் மீண்டது. பெனம்பிராவும் 2012இல் நிதிப் பற்றாக்குறையால் நாடகங்களை நிறுத்திவைத்து, ஆதரவாளர்களின் நன்கொடையால் மீண்டும் எழுந்தது.

காரணம் தெளிவானது. ஏழை மக்களுக்கு அருகில் இருக்கும் அரங்கு நுழைவுச்சீட்டின் விலையை உயர்த்த முடியாது. உயர்த்தினால் யாருக்காகத் தொடங்கினார்களோ அவர்களே வர முடியாமல் போய்விடும். பெரிய அரங்குகள் "சமூகத் தொடர்பு" என்ற பெயரில் நிதி பெற்றுச் சில நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. ஆண்டு முழுவதும் அதையே செய்யும் சிறிய அரங்குகள் வாடகைக்கு அலைகின்றன. இந்த நியாயமின்மையைக் கறுப்பின நாடகக் கலைஞர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

இதையெல்லாம் மீறி அவர்கள் விட்டுச்சென்றது என்ன? 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1967 வாக்கில் மிசிசிப்பியில் கறுப்பின வாக்காளர் பதிவு 60 விழுக்காட்டை நெருங்கியது. இதை ஒரு நாடகக் குழு சாதித்தது என்று சொன்னால் அது மிகை. அடிபட்டவர்களும் உயிர் கொடுத்தவர்களும் சாதித்தது அது. ஆனால் கூட்டத்தில் எழுந்து பேசும் துணிவு ஒரு நாளில் வருவதில்லை. தன் வாழ்க்கை மேடையில் வைத்துப் பேசத் தகுந்தது என்று ஒருவர் உணர்ந்த பிறகு, அதிகாரியின் மேசைக்கு முன்னால் நிற்பதும் கொஞ்சம் எளிதாகலாம். இந்த நம்பிக்கையில்தான் அந்த இளைஞர்கள் ஆபத்தான சாலைகளில் மேடைப் பொருள்களோடு பயணம் போனார்கள்.

ஒரு நாடகக் குழுவின் சமூகப் பணியை அளக்க வேண்டுமானால், எத்தனை பள்ளிகளுக்குப் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு மட்டும் போதாது. வேறு மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும் என்று இந்த வரலாறு சொல்கிறது. மக்கள் தயங்காமல் உள்ளே வரக்கூடிய இடமா அது? நாடகம் முடிந்த பிறகு அவர்கள் பேசுவதை யாராவது உட்கார்ந்து கேட்கிறார்களா? அப்படிக் கேட்டதால் அடுத்த நாடகத்தில் ஏதாவது மாறியதா? கராமுவும் ஃப்ரீ சதர்ன் தியேட்டரும் பெனம்பிராவும் இந்தக் கேள்விகளுக்கு "ஆம்" என்று சொல்ல முயன்ற குழுக்கள். அதனால்தான் மூடப்பட்ட குழுவின் கதை வட்டம்கூட இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.